மயாமியில் உலகக் கோப்பை: மைதானத்துக்குச் செல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2026 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் 104 ஆட்டங்களில் ஏழு ஆட்டங்கள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள மயாமிக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ஜூன் 15 முதல் 27 வரை நான்கு குழு ஆட்டங்களும், ஜூலை 3 அன்று 32 அணிகள் சுற்றின் ஓர் ஆட்டமும், ஜூலை 11 அன்று ஒரு காலிறுதியும், ஜூலை 18 அன்று மூன்றாம் இடத்துக்கான ஆட்டமும் அங்கே நடக்கின்றன. நுழைவுச் சீட்டு, விமானம், தங்குமிடம் ஆகிய மூன்றும் கிடைத்துவிட்டால் ஏற்பாடு முடிந்துவிட்டது என்றே பெரும்பாலானவர்கள் எண்ணுகிறார்கள். ஆட்டம் இரண்டு மணி நேரம்தான் என்றாலும், அதைப் பார்க்கப் போகிறவர் நண்பகலில் அறையை விட்டுக் கிளம்பி நள்ளிரவை ஒட்டித் திரும்புகிறார். ஏறத்தாழ அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி கூரையில்லாத இடத்தில், கூட்டத்துக்கு நடுவே கழிகிறது. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் போடாததால் நேர்பவை.

வெப்பநிலை எண்ணை மட்டும் பார்ப்பது

ஜூன், ஜூலை மாதங்களில் மயாமியின் பகல் வெப்பநிலை பொதுவாக 32 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். கைபேசியில் இந்த எண்ணைப் பார்ப்பவர், இதைவிடக் கடுமையான வெயிலை எல்லாம் பார்த்தாயிற்று என்று அலட்சியமாக இருந்துவிடுகிறார். அங்கே ஆளை வீழ்த்துவது காற்றிலுள்ள ஈரம். வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது. சுரந்த வியர்வை ஆவியாக வேண்டும். அடைமழைக் காலத்தில் கொடியில் போட்ட துணி காயாமல் கிடப்பதைப் போல, ஈரம் மிகுந்த காற்றில் வியர்வையும் தோலிலேயே தங்கி வழிந்தோடுகிறது. உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுகின்றனவே தவிர, சூடு வெளியேறுவதில்லை. அமெரிக்க வானிலைச் சேவையின் அட்டவணைப்படி, 32 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடல் உணரும் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. இதுவும் நிழலில் நிற்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் நிற்பவருக்கு மேலும் 8 டிகிரி வரை கூடலாம். ஆகவே முன்னறிவிப்பைப் பார்க்கும்போது வெப்பநிலையை விட்டுவிட்டு, ‘உணரப்படும் வெப்பம்’ என்று தனியாகத் தரப்படும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

வெயிலுக்குப் பழகிய நாட்டிலிருந்து போகிறவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைப்பது இன்னொரு தவறு. பழக்கம் என்பது பிறந்த ஊரால் வருவதன்று; அண்மை வாரங்களில் உடல் எவ்வளவு நேரம் வெப்பத்தில் உழைத்தது என்பதால் வருவது. குளிரூட்டிய வீடு, குளிரூட்டிய கார், குளிரூட்டிய அலுவலகம் என்று வாழ்பவரின் உடல், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், வெப்பத்துக்குப் பழகிய உடல் அன்று. புதிய வெப்பத்துக்கு உடல் முழுமையாகப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகும். அவ்வளவு நாள் முன்னதாகப் போய்த் தங்குவது எல்லோருக்கும் இயலாது. ஆனால் விமானத்திலிருந்து இறங்கிய அன்றே ஆட்டத்துக்குப் போகும்படி பயணத்தை அமைக்காமல் இருப்பது பலருக்கும் இயலும்.

மாலை ஆட்டம்தானே என்று இருந்துவிடுவது

மயாமி ஆட்டங்கள் உள்ளூர் நேரப்படி மாலை 5 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில் தொடங்குகின்றன. இந்த நேரம் பலருக்கு ஆறுதல் தருகிறது, ஆனால் அந்த ஆறுதலுக்கு அடிப்படை இல்லை. அந்த மாதங்களில் அங்கே சூரியன் மறையும்போது இரவு எட்டே கால் ஆகிவிடும். 6 மணி ஆட்டத்துக்கு 3 மணிக்கே வாசலில் நிற்பவர், நாளின் மிகக் கடுமையான வெயிலில்தான் வரிசையில் நிற்கிறார்.

இதனுடன் இடிமழையும் சேர்ந்துகொள்கிறது. காலையில் நிலம் சூடேறியதும் அட்லாண்டிக் கடலிலிருந்து காற்று உள்ளே வீசத் தொடங்குகிறது. அது தீபகற்பத்தின் மறுகரையிலிருந்து வரும் காற்றைச் சந்திக்கும் இடங்களில் ஈரக் காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகமாகத் திரள்கிறது. மழைக்காலத்தில் தென் புளோரிடாவில் அடிக்கடி காணக்கூடிய நிகழ்வு இது. காலையில் வானம் பளிச்சென்று இருப்பதை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

மழையில் நனைவது பெரிய துன்பமில்லை. மின்னல்தான் ஆட்டத்தை நிறுத்துகிறது. அமெரிக்க மைதானங்களில், குறிப்பிட்ட தொலைவுக்குள் மின்னல் தென்பட்டால் ஆட்டத்தை நிறுத்தி, பார்வையாளர்களைக் கூரையுள்ள பகுதிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடங்கள் கழிந்த பிறகே ஆட்டம் தொடரும். இடையில் இன்னொரு மின்னல் வெட்டினால் அந்த 30 நிமிடங்களை மீண்டும் முதலிலிருந்து எண்ண வேண்டும். 2025 கிளப் உலகக் கோப்பையில் சார்லட் நகரில் செல்சியும் பென்ஃபிகாவும் ஆடிய ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்த நிலையில் இப்படி நின்று, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துத் தொடர்ந்தது. கூடுதல் நேரமும் சேர்ந்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றிரவே ஊர் திரும்ப விமானச் சீட்டு வாங்கியிருந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மயாமியில் ஆட்டம் பார்ப்பவர் மறுநாள் நண்பகலுக்கு முன்னால் எந்த விமானத்தையும் பதிவு செய்யாமல் இருப்பதே நல்லது.

குடையை எடுத்துச் செல்வதும் வீண். பாதுகாப்புச் சோதனையில் அதை வாங்கி வைத்துவிடுவார்கள். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய மழை அங்கி போதும்.

தண்ணீரைத் தாகம் எடுத்த பிறகு தேடுவது

தாகம் தாமதமாக வரும் அறிகுறி. காலை எழுந்ததிலிருந்தே சிறிது சிறிதாகக் குடித்துவருபவருக்கு மாலையில் தலைவலி வருவது குறைவு. ஆனால் வெறும் தண்ணீரை மட்டும் மிக அதிகமாகக் குடிப்பதும் ஆபத்துதான். வியர்வையில் போன உப்பை ஈடு செய்யாமல் நீரை மட்டும் நிரப்பினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டலும் குழப்பமும் வரும். உப்புள்ள உணவை இடையிடையே சாப்பிடுவதும், ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றிரண்டைக் கையில் வைத்திருப்பதும் எளிய தீர்வு. ஆட்டத்துக்கு முன் பீர் குடிப்பது பலருக்குக் கொண்டாட்டத்தின் பகுதி. மது உடல் நீரை இழக்கச் செய்வதோடு, உடல் தரும் எச்சரிக்கைகளையும் மழுங்கடித்துவிடுகிறது. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்களும், ஒவ்வாமை மாத்திரை உட்கொள்பவர்களும் வெப்பத்தால் எளிதில் பாதிக்கப்படுவார்கள் என்பதால், புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் பயன்படுத்துவோர் அதைக் குளிர்ப் பையில் வைத்திருப்பதும், மருத்துவப் பொருளை உள்ளே கொண்டுசெல்வதற்கான மைதான விதியை முன்கூட்டியே படித்துவைப்பதும் கட்டாயம்.

இந்த உலகக் கோப்பையில் ஒவ்வொரு பாதியிலும் 22 நிமிடங்கள் கடந்ததும், வானிலை எப்படி இருந்தாலும், வீரர்கள் நீர் அருந்த மூன்று நிமிட இடைவேளை உண்டு. அந்த மூன்று நிமிடங்களில் பார்வையாளரும் எழுந்து நின்று, நாலு மிடறு குடித்து, பக்கத்தில் இருக்கும் குழந்தையும் முதியவரும் குடித்தார்களா என்று பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, பக்கத்தில் இருப்பவரைக் கவனிப்பதைப் பற்றித்தான். வெப்பத்தால் தளர்ந்தவர் தன் நிலையைத் தானே அறிவது அரிது. கத்திக் கொண்டாடிக்கொண்டிருந்த நண்பர் திடீரென்று பேச்சைக் குறைக்கிறார், கேட்ட கேள்விக்குச் சற்றுப் பிந்தி, பொருந்தாத பதில் சொல்கிறார், எழுந்தால் தள்ளாடுகிறார். இதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி அறிவு குழம்பினால் அது வெப்பவாதம், உயிருக்கே ஆபத்து. உடனே மைதான ஊழியரை அழைக்க வேண்டும், அல்லது அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-க்குப் பேச வேண்டும். உதவி வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய், மேலாடையைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டி வைக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

மைதானம் மயாமியில் இருக்கிறது என்று நம்புவது

மைதானம் மயாமி கார்டன்ஸ் என்ற தனி நகராட்சியில், மயாமி நகர மையத்துக்கு வடக்கே சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. உள்ளூர் மக்கள் அதை ஹார்ட் ராக் ஸ்டேடியம் என்கிறார்கள். விளம்பரதாரர் பெயரை ஃபிஃபா ஏற்காததால் சீட்டில் மயாமி ஸ்டேடியம் என்று இருக்கும். பேஸ்பால் மைதானத்துக்கோ இன்டர் மயாமி கழகத்தின் மைதானத்துக்கோ வண்டியைத் திருப்பிவிடாமல் இருக்க, இரண்டு பெயர்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மயாமி பீச் கடற்கரையில் அறை எடுத்துவிட்டு, அங்கிருந்து மைதானம் பக்கம் என்று நினைப்பவர்கள் ஏராளம். அது கடலுக்கும் விரிகுடாவுக்கும் இடையிலுள்ள தீவு; அங்கிருந்து நிலப்பகுதிக்கு வரச் சில பாலங்களே உள்ளன, ஆட்ட நாளில் அவை நெரிசலில் திணறும். மெட்ரோ ரயில் மைதானம் வரை போவதில்லை. எந்த ரயிலில் போனாலும் கடைசித் தொலைவுக்குப் பேருந்தோ வாடகை வண்டியோ வேண்டும். மைதானம் மயாமிக்கும் ஃபோர்ட் லாடர்டேலுக்கும் நடுவே இருப்பதால், வடக்கிலுள்ள ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் இறங்கி அந்தப் பக்கமே தங்குவதையும் ஆராயலாம். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மைதானத்தை ஒட்டிச் செல்லும் டர்ன்பைக் சாலையில் சுங்கத்தைப் பணமாகச் செலுத்த முடியாது, மின்னணு முறையில் வசூலாகி, வாடகை நிறுவனத்தின் கட்டணத்தோடு சேர்ந்து வரும்.

வாசலைக் குறைத்து மதிப்பிடுவது

2024 ஜூலை 14 அன்று இதே மைதானத்தில் அர்ஜென்டினாவும் கொலம்பியாவும் கோபா அமெரிக்கா இறுதியாட்டத்தில் மோதின. சீட்டு இல்லாதவர்கள் பெருந்திரளாக வாசலுக்கு வந்து உள்ளே புகுந்ததால் கதவுகள் மூடப்பட்டன. ஆட்டம் 80 நிமிடங்களுக்கு மேல் தாமதமாகத் தொடங்கியது. அதுவரை முறையாகச் சீட்டு வாங்கியவர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள் உட்பட, புழுக்கத்தில் கம்பித் தடுப்புகளோடு நசுங்கிக் கிடந்தார்கள். வெளியே நின்று சூழலை மட்டுமாவது அனுபவிக்கலாம் என்று சீட்டில்லாமல் மைதானத்துக்குப் போவதை இந்த ஒரு காரணத்துக்காகவே முற்றிலும் தவிர்க்க வேண்டும். சீட்டு உள்ளவர்கள் கதவு திறக்கும் நேரத்தை ஒட்டியே வந்துவிட வேண்டும். தோளோடு தோள் உரசி, கைகளை அசைக்க முடியாத அளவுக்கு நெரிசல் ஏறினால், முன்னே தள்ளவோ எதிர்த்துத் திரும்பவோ முயலாமல், ஓரமாகச் சாய்வாட்டில் நகர்ந்து வெளியேற வேண்டும்.

சீட்டு கைபேசிச் செயலியில்தான் இருக்கும். அதன் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) செல்லாது. கைபேசிக்கும் வெயில் ஆகாது என்பதை வரிசையில் நிற்கும்போதுதான் பலர் அறிகிறார்கள். ஐபோனை 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. வெயிலில் காணொளி எடுத்துக்கொண்டே நின்றால் திரை மங்கி, கருவி தானாக நின்றுவிடும். அறையிலிருந்தே செயலிக்குள் நுழைந்து சீட்டைத் திறந்துவைப்பதும், கைபேசியை நிழலில் வைத்திருப்பதும், சிறிய பவர் பேங்க் எடுத்துச் செல்வதும் இதைத் தவிர்க்கும். முதுகுப் பைகள் சோதனையில் திருப்பி அனுப்பப்படும். சிறிய, ஒளி ஊடுருவும் பைதான் பாதுகாப்பு.

இருக்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு 2016 இல் கட்டப்பட்ட கூரை நிழல் தருகிறது. ஆனால் ஆடுகளத்துக்கு மேல் அது திறந்திருக்கிறது, அரங்கத்துக்குக் குளிரூட்டலும் கிடையாது. கூரை வெயிலைத் தடுக்கும், காற்றின் ஈரத்தைத் தடுக்காது.

ஆட்ட நாளில் கடலில் இறங்குவது

நண்பகல் வரை கடற்கரையில் இருந்துவிட்டு அப்படியே ஆட்டத்துக்குப் போவது கேட்க இனிமையான திட்டம். ஆனால் வெயிலில் கன்றிய தோல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனை இழக்கிறது. மாலையில் தாங்க வேண்டிய வெப்பத்தை உடல் காலையிலேயே வாங்கிக்கொள்கிறது. கடலுக்கு ஆட்டம் இல்லாத நாளை ஒதுக்குங்கள். அன்றும் உயிர்காப்பாளர் கொடிகளைப் பார்த்தே இறங்க வேண்டும்: இரட்டைச் சிவப்புக் கொடி பறந்தால் கடல் மூடப்பட்டிருக்கிறது, ஊதா என்றால் ஜெல்லிமீன் போன்ற உயிரிகள் உள்ளன. இழுப்பு நீரோட்டத்தில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகிய பிறகே கரையை நோக்கித் திரும்ப வேண்டும்.

காப்பீட்டைத் தள்ளிப்போடுவது

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 அன்று தொடங்கி நவம்பர் 30 வரை நீள்கிறது. புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட பிறகு வாங்கும் பயணக் காப்பீடு அந்தப் புயலால் வரும் இழப்பைப் பொதுவாக ஈடு செய்யாது. எனவே சீட்டு வாங்கும்போதே காப்பீட்டையும் வாங்கிவிட வேண்டும். அமெரிக்காவில் ஓரிரவு மருத்துவமனைச் செலவே பயணச் செலவை விஞ்சக்கூடும் என்பதால், மருத்துவக் காப்பீடும் அதில் அடங்கியிருக்க வேண்டும். ஆட்டச் சீட்டு இருப்பதாலேயே விசா கிடைத்துவிடாது. தங்குமிடத்தையும் விமானத்தையும் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்வது இதற்காகவே.

ஆட்டம் முடிந்தவுடன் எல்லோரும் ஒரே நேரத்தில் வாகன நிறுத்தத்துக்கும் பேருந்துக்கும் ஓடுவார்கள். வாடகை வண்டிக் கட்டணமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். கூட்டம் கலையும்வரை உள்ளே தண்ணீர் குடித்து அமர்ந்திருந்து, குழுவினர் பிரிந்துவிட்டால் சந்திக்க வேண்டிய இடத்தை முன்பே பேசிவைத்து, குளிரூட்டிய பேருந்தில் நடுங்காமல் இருக்க நனைந்த சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டால், மீதிப் பயணம் எளிதாக முடியும்.