ஹைட்ரோ பில்லும் மாலை ஏழு மணியும்

கனடாவின் ஒன்ராறியோவுக்கு வந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒரு அக்கா சொல்லிவிடுவார்: "தங்கச்சி, உடுப்புத் தோய்க்கிறதெண்டால் ஏழு மணிக்குப் பிறகு போடுங்கோ. இப்ப ஹைட்ரோ விலை கூட." ஹைட்ரோ என்றால் தண்ணீர் பில் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே கரண்டுக்குத்தான் அந்தப் பெயர். நயாகராவின் நீர்மின்சாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோக 1906இல் அமைத்த அரசு ஆணைக்குழுவின் பெயரில் இருந்த சொல், இன்னும் எல்லோர் நாக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யாழ்ப்பாணமோ சென்னையோ, வீட்டுக் கரண்ட் என்றால் எத்தனை யூனிற் என்பதுதான் நமக்குப் பழகிய கணக்கு. இங்கே எத்தனை மணிக்கு என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஸ்மார்ட் மீற்றர் ஒவ்வொரு மணி நேரத்துப் பாவனையையும் தனித்தனியாகப் பதிந்து தானே அனுப்பிவிடும். பில்லில் கிலோவாட் மணி என்று இருப்பது நம்முடைய அதே யூனிற்தான்.

நீங்களாக எதையும் தெரிவு செய்யாவிட்டால் நேரத்துக்கேற்ற விலைத் திட்டத்தில்தான் இருப்பீர்கள். வார நாட்களில் மாலை 7 முதல் காலை 7 வரை மலிவு. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை என்றால் நாள் முழுவதும் மலிவு. மற்ற நேரம்தான் குழப்பம். மே முதல் ஒக்டோபர் வரை ஏசி ஓடும் காலம், அதனால் பகல் 11 முதல் 5 வரை உச்ச விலை. நவம்பர் 1 வந்ததும் அது புரண்டுவிடும்: காலை 7 முதல் 11, மாலை 5 முதல் 7 உச்சம், நடுப்பகல் நடுத்தர விலை. என் முதல் நவம்பரில் இது தெரியாமல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு தினமும் எட்டரைக்கு ட்ரையரைப் போட்டுக்கொண்டிருந்தேன். உச்ச விலையின் நட்டநடு.

விலையை ஒன்ராறியோ எரிசக்தி வாரியம் ஒவ்வொரு நவம்பர் 1 அன்றும் புதிதாக அறிவிக்கும். 2024 நவம்பர் முதல் ஓராண்டுக்கு இருந்த விலை இது: யூனிற்றுக்கு மலிவு 7.6 சதம், நடுத்தரம் 12.2, உச்சம் 15.8. உங்கள் பில்லில் வேறு எண்கள் இருக்கும். உச்சம் மலிவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பதை மனதில் வைத்தால் போதும்.

சரி, எதைத் தள்ளிப்போடுவது? எங்கள் வீட்டில் மாமி பகலில் கிறைண்டரைத் தொடமாட்டார், கரண்ட் இழுக்குமாம். மேசைக் கிறைண்டர் சுமார் 150 வாட். அரை மணி நேரம் அரைத்தாலும் மேலே சொன்ன உச்ச விலையில் ஒன்றரைச் சதம்கூட வராது. ட்ரையர் சுமார் 5,000 வாட். ஒரு தடவைக்கு 3 யூனிற் என்று வைத்தால் அதே விலைகளில் உச்சத்தில் 47 சதம், மலிவில் 23. ஆகவே மாவைப் பகலில் அரையுங்கள், உடுப்பை இரவில் காயவையுங்கள். அப்படி மாதம் இருபது தடவை மாற்றினால் 5 டொலரளவு மிஞ்சும். அவ்வளவுதான். கரண்டை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கான டெலிவரிக் கட்டணம் நேரத்தைப் பார்த்து மாறாது. இதற்காகக் குழந்தைக்குச் சாப்பாடு சூடாக்க ஏழு மணி வரை காத்திருக்காதீர்கள்.

உண்மையில் பில்லை ஏற்றுவது வெப்பம். வீட்டைச் சூடாக்குவது காஸ் என்றால் ஹைட்ரோ பில் அடக்கமாக இருக்கும். சுவரோரம் நீளமாக இருக்கும் மின்சார ஹீற்றர் என்றால் ஜனவரி பில்லைப் பார்த்துத் தலை சுற்றும். பேஸ்மென்ற் வாடகைக்கு எடுக்குமுன் இதைக் கேளுங்கள். தனி மீற்றரா, பில்லில் இத்தனை வீதமா என்றும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீதம் என்றால் திட்டத்தைத் தெரிவு செய்வது வீட்டுக்காரர்தான்.

வேறு இரண்டு திட்டங்களும் உண்டு. ஒன்று நேரம் பாராத அடுக்குக் கணக்கு: கோடையில் மாதம் 600 யூனிற், குளிர்காலத்தில் 1,000 யூனிற் வரை ஒரு விலை, மேலே போனால் கூடிய விலை. பகல் முழுவதும் வயதானவர்களும் கைக்குழந்தையும் வீட்டில் இருந்தால் இதைக் கணக்குப் பார்க்கலாம். மற்றது 2023 மே மாதம் வந்த நள்ளிரவு மலிவுத் திட்டம். 2024 நவம்பர் முதல் ஓராண்டுக்கு இரவு 11 முதல் காலை 7 வரை யூனிற்றுக்கு 2.8 சதம், ஆனால் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை 28.4 ஆக இருந்தது. மின்சாரக் கார் வைத்திருப்பவருக்கும் இரவு வேலைக்காரருக்கும் நல்லது. மாலையில் மின் அடுப்பில் சோறும் மூன்று கறியும் வைக்கும் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். மலிவு என்று ட்ரையரைப் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம், தீ ஆபத்து.

திட்டம் மாற்றக் கட்டணம் இல்லை. ரொறன்ரோவில் ரொறன்ரோ ஹைட்ரோ, மார்க்கத்திலும் பிரம்டனிலும் அலெக்ட்ரா: உங்கள் பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடமே விண்ணப்பம் கொடுக்கலாம். வாரியத்தின் இணையதளத்தில் கணக்குப் பார்க்கும் கருவியும் இருக்கிறது. வருமானம் குறைவென்றால் ஒன்ராறியோ மின்சார உதவித் திட்டத்துக்கும் அப்போதே விண்ணப்பியுங்கள். மாதாமாதம் பில்லில் கழிவு கிடைக்கும்.

அப்புறம், கரண்ட் ஒப்பந்தம் என்று கதவைத் தட்டி யாராவது பில்லைக் காட்டச் சொன்னால் காட்டாதீர்கள். வீடு வீடாக வந்து அதை விற்பது 2017இலிருந்து தடை.