டிரெஸ்ஸர் மேல் டயப்பர் மாற்றுகிறீர்களா? நாம் கோட்டை விடும் இடங்கள்

அமெரிக்காவில் பிள்ளை பிறக்கப்போகும் வீடுகளில் ஒரு கணக்கு கட்டாயம் ஓடும். டயப்பர் மாற்றவென்றே ஒரு மேசையை, சேஞ்சிங் டேபிள் என்று தனியாக வாங்கினால் இரண்டு வருடம்தான் உழைக்கும், அப்புறம் கராஜில் தூசி படிந்து கிடக்கும். அந்தக் காசை டிராயர்கள் அடுக்கிய துணி அலமாரியான ஒரு டிரெஸ்ஸரில் போட்டால், மேலே பேட் எனப்படும் சிறு மெத்தையை விரித்து டயப்பர் மாற்றலாம், பிறகு பிள்ளை வளர்ந்து வீட்டைவிட்டுப் போகும்வரை துணி அடுக்கலாம். நானும் இந்தக் கணக்கைத்தான் போட்டேன். கணக்கில் பிழையில்லை. ஆனால் டிரெஸ்ஸர் துணிக்காகச் செய்தது. அதன்மேல் ஒரு குழந்தையைப் படுக்க வைக்கும்போது, அந்த வேலைக்கு வேண்டியதையெல்லாம் நாம்தான் சேர்க்க வேண்டும். அங்கேதான் சறுக்குகிறோம்.

குழந்தை டிரெஸ்ஸரிலிருந்து விழுந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. டிரெஸ்ஸர் குழந்தையின் மேல் விழும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. முதல் ஆபத்து டயப்பரோடு முடிந்துவிடும். இரண்டாவது, பிள்ளை எழுந்து நடக்கும்போதுதான் தொடங்கும். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

சுவரில் கட்டாமல் விடுவது

ஒரு டிராயரை இழுத்தால் அதிலுள்ள எடை முன்னால் வருகிறது. மூன்றை இழுத்தால் மொத்த டிரெஸ்ஸரும் முன்பக்கம் சாயத் தயாராக நிற்கிறது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் திறந்த டிராயர் என்பது படிக்கட்டு. கீழ் டிராயரில் கால் வைத்து ஏறினால் போதும்.

2016 ஜூனில் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சுமார் 2.9 கோடி டிரெஸ்ஸர்களையும் செஸ்ட்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மால்ம் வகையும் அதில் உண்டு. சுவரில் பொருத்தாதவை சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்திருந்தார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், இல்லையென்றால் சுவரில் பொருத்தும் கிட் இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். 2017இல் அதே அறிவிப்பை மறுபடியும் வெளியிட வேண்டியிருந்தது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் விடாமல் போராடியதில் 2022 டிசம்பரில் ஸ்டர்டி சட்டம் வந்தது. 2023 செப்டம்பர் 1க்குப் பிறகு தயாரான, 27 அங்குலமும் அதற்கு மேலும் உயரமுள்ள டிரெஸ்ஸர்கள் புதிய சோதனைகளில் தேற வேண்டும். கார்ப்பெட் மேல் நிற்கும்போதும், எடை ஏற்றிய டிராயர்கள் திறந்திருக்கும்போதும், 60 பவுண்டு வரை எடையுள்ள பிள்ளை ஏறும்போதும் சாயக் கூடாது.

அப்போ புதிதாக வாங்கினால் கட்ட வேண்டாமா? வேண்டும். அதே விதிதான் பெட்டிக்குள் சுவரில் கட்டும் கிட்டும் இருக்க வேண்டும் என்கிறது. சோதனையில் தேறியது என்பதற்காக உங்கள் வீட்டில் சாயவே சாயாது என்று இருந்துவிட முடியாது.

கட்டியவர்களும் எங்கே தவறுகிறார்கள் என்றால், நான் செய்ததையே சொல்கிறேன். அமெரிக்க வீட்டுச் சுவர் ஊர்ச் சுவர் மாதிரி செங்கல் இல்லை. பெரும்பாலும் அரை அங்குல ஜிப்சம் பலகை, அதுதான் டிரைவால். பின்னால் வெற்றிடம், வழக்கமாகப் பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரத்தூண். அந்தத் தூணுக்கு ஸ்டட் என்று பெயர். நான் டிரைவாலில் ஒரு பிளாஸ்டிக் பிளக்கை அடித்து ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன். கணவர் ஒரு இழு இழுத்தார். வெள்ளைப் பொடி உதிர, பிளக் கையோடு வந்துவிட்டது. ஸ்க்ரூ ஸ்டட்டில்தான் இறங்க வேண்டும். ஸ்டட் ஃபைண்டர் இல்லையென்றால் ஒரு பலமான காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்திப் பாருங்கள். டிரைவாலை ஸ்டட்டோடு பிணைத்த ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். டிரெஸ்ஸருக்கு நேராக ஸ்டட் அமையவில்லையா? இரண்டு ஸ்டட்களை இணைத்துக் குறுக்கே ஒரு கட்டையை முடுக்கி, அந்தக் கட்டையில் டிரெஸ்ஸரைக் கட்டலாம்.

இன்னொரு முனையிலும் இதே தவறு நடக்கும். டிரெஸ்ஸரின் முதுகில் இருப்பது அட்டை மாதிரி மெல்லிய பலகை. அதில் ஸ்க்ரூ போட்டால் பயனில்லை. மேல்பலகைக்குக் கீழே ஓடும் கனமான சட்டத்தில் போட வேண்டும். கிட்டில் வருவது பிளாஸ்டிக் ஜிப் டை என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உலோகப் பட்டையோ கம்பியோ வாங்குங்கள். பிளாஸ்டிக் நாளடைவில் இறுகி நொறுங்கும்.

கார்ப்பெட் வீட்டில் இன்னொரு தொல்லை உண்டு. கார்ப்பெட்டைப் பிடித்து வைக்க, சுவரோரம் அடியில் ஆணிப்பட்டை ஓடும். டிரெஸ்ஸரின் பின்கால் அதன்மேல் ஏறி நின்றால், முழு டிரெஸ்ஸரும் லேசாக முன்னால் சாய்ந்தபடி நிற்கும். டிராயர் தானாகத் திறந்துகொள்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். முன்கால்களுக்கு அடியில் மெல்லிய ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம்.

வாடகை வீடு, ஓட்டை போட முடியாது என்பதுதான் நம்மவர்கள் அதிகம் சொல்லும் காரணம். வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். நான்கு ஸ்க்ரூ ஓட்டைகளைக் காலி செய்யும் அன்று புட்டி வைத்து அடைக்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்கும் மறுத்தால், அந்த வீட்டில் டயப்பர் மாற்ற டிரெஸ்ஸர் வேண்டாம் என்பேன்.

அளவு பார்க்காமல் வாங்குவது

கடையில் அழகைப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது உயரமும் ஆழமும்.

உயரத்துக்கு ஒரு எளிய வழி. அமெரிக்கச் சமையலறை மேடை ஏறக்குறைய 36 அங்குலம், அதாவது 91 செ.மீ. அங்கே நின்று காய் நறுக்க முதுகு வலிக்கவில்லை என்றால் அந்த உயரம் உங்களுக்குப் போதும். அகலமான மால்ம் டிரெஸ்ஸர் 78 செ.மீ.தான். பேட்டின் கனத்தைச் சேர்த்தாலும் குனிய வேண்டும். சிசேரியன் முடிந்து வந்தவர் ஒரு நாளில் எட்டு, பத்து முறை அப்படிக் குனிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐகியாவின் இன்னொரு வகையான ஹெம்னெஸ் 96 செ.மீ. வரும். ஆனால் குள்ளமான பாட்டிக்கு அது உயரம். யார் அதிகம் மாற்றப்போகிறார்களோ, அவரை நிற்க வைத்துப் பாருங்கள்.

ஆழத்துக்கு வருவோம். வழக்கமான சேஞ்சிங் பேட் 16 அங்குல அகலம், 32 அங்குல நீளம், அதாவது சுமார் 41 × 81 செ.மீ. டிரெஸ்ஸர் பெரும்பாலும் 48 முதல் 50 செ.மீ. ஆழம், எனவே பேட்டைச் சுவருக்கு இணையாக வைக்கலாம். 39 செ.மீ. ஆழமுள்ள புத்தக அலமாரியில் வைத்தால் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். ‘இவ்வளவுதானே வெளியே வருகிறது’ என்று விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியில் குழந்தையின் கால் நம்மைப் பார்த்திருக்குமாறு மாற்றுவதற்கு எழுபது செ.மீ.க்கு மேல் ஆழமான மேசை செய்கிறார்கள். அதற்காகவே டிரெஸ்ஸர் மேல் பொருத்தி முன்னால் நீட்டும் பலகைகளும் விற்கின்றன. நிற்கும் முறை வசதிதான், திரும்பித் திரும்பி வேலை செய்ய வேண்டியதில்லை. ஆனால் நீட்டிய பலகையில் குழந்தையின் எடை டிரெஸ்ஸரின் முன்விளிம்பைத் தாண்டி இறங்கும். சுவரில் கட்டாமல் அதைப் பொருத்தவே கூடாது.

டிராயர் அமைப்பும் முக்கியம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மேல் டிராயர் ஒரே நீளமாக இருந்தால், அதைத் திறக்கும்போது அது உங்கள் வயிற்றில் இடிக்கும். நீங்கள் ஒரு அடி பின்னால் போவீர்கள். கை குழந்தையிடமிருந்து விலகும். எங்கள் வீட்டில் தினமும் நடந்த கூத்து இது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டிராயர் உள்ள அகலமான டிரெஸ்ஸராக இருந்தால், குழந்தையை ஒரு பக்கம் வைத்து மற்றதைத் திறக்கலாம்.

பேட்டைச் சும்மா வைப்பது

பேட் வாங்கும்போது கூடவே ஒரு சிறு பை வரும். உள்ளே பட்டையும் ஸ்க்ரூவும் இருக்கும். பேட்டை டிரெஸ்ஸரின் பின்புறத்தோடு பிணைக்கத்தான் அது. நிறைய வீடுகளில் அந்தப் பை பிரிக்கப்படாமலே கிடக்கிறது. மூன்று மாதக் குழந்தை குதிகாலை ஊன்றி உந்தினாலே வழவழப்பான மேல்பலகையில் பேட் நகரும். பட்டையைப் பொருத்துங்கள், அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பும் போடுங்கள். மடித்த டவலோ போர்வையோ பேட்டுக்கு மாற்று இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது இதுதான்: நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் தடுப்பு, நடுவில் லேசான பள்ளம். சாதாரண டிரெஸ்ஸரில் தடுப்பு கிடையாது. ஓரம் உயர்ந்த பேட் அதில் பாதியைத் தருகிறது, டிரெஸ்ஸரை அறையின் மூலையில் தள்ளி வைத்தால் இரண்டு பக்கம் சுவர் காவல்.

இடுப்பு பெல்ட்டைப் போட்டுவிட்டு வைப்ஸ் எடுக்கப் போகும் பழக்கமும் உண்டு. பெல்ட் ஒரு உதவி, அவ்வளவே. ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்க வேண்டும். அதற்கு டயப்பர், வைப்ஸ், மாற்றுத் துணி எல்லாம் குழந்தையைக் கிடத்தும் முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மறந்துவிட்டீர்களா, டோர்பெல் அடிக்கிறதா? அரை டயப்பரோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். நாலு மாதத்தில்தான் புரளும் என்று நம்பி இருக்காதீர்கள். முதல் புரளல் என்றைக்கு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்று: எண்ணெய் தேய்த்த குழந்தை. பாட்டி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நல்லதுதான், ஆனால் டிரெஸ்ஸர் மேல் வேண்டாம். வழுக்கும் குழந்தையை ஒரு கையால் பிடிப்பது கஷ்டம். அப்புறம், ஊரிலிருந்து வரும் பவுடர் டப்பா. குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் குலுக்கினால் அந்தத் தூள் நேரே மூச்சில் போகும். இங்குள்ள மருத்துவர்கள் பவுடரே வேண்டாம் என்கிறார்கள்.

வைக்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலுக்குக் கீழே வேண்டாம், பிளைண்ட்ஸின் தொங்கும் கயிறு கழுத்தில் சுற்றும். தலைக்கு மேல் கண்ணாடி போட்ட படம் மாட்ட வேண்டாம். டயப்பர் கிரீம், சானிடைசர், பட்டன் பேட்டரி உள்ள விளக்கு எதுவும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. ஐந்து மாதத்தில் கை நீளும் வேகம் ஆச்சரியமாக இருக்கும்.

பழைய டிரெஸ்ஸர்

கராஜ் சேலில் இருபது டாலருக்கு நல்ல மரத்தில் கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். 1978க்கு முந்தைய பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கலாம். அந்த ஆண்டுதான் அமெரிக்கா அதைத் தடை செய்தது. சுரண்டவோ மணல் காகிதம் தேய்க்கவோ தொடங்காதீர்கள், தூள்தான் ஆபத்து. வயது தெரியாவிட்டால் வாங்காமல் விடுவதே மேல். பெயரும் மாடலும் தெரிந்தால், நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் திரும்பப் பெறப்பட்டதா என்று தேடிப் பார்க்கலாம். பழைய மால்ம்கள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

என் மாமியார் மதுரையிலிருந்து வந்து இறங்கிய மறுநாள் இந்த ஏற்பாட்டையெல்லாம் நின்று பார்த்தார். “ஏம்மா, கீழ ஒரு பாயப் போட்டு மாத்துனா ஆகாதா? அங்கேருந்து எங்க விழும்?” என்றார். “முதுகு வலிக்குது அத்தை” என்றேன். “அப்ப நான் மாத்துறேன்” என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் இருந்த ஆறு மாதமும் பாதி டயப்பர் தரையில்தான் மாறியது. குழந்தை புரளத் தொடங்கியபின் நானும் இரவில் தரைக்கே வந்துவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் உயரத்தில் நிற்பதைவிட அது எவ்வளவோ நிம்மதி.

எவ்வளவு பார்த்தும் விழுந்துவிட்டால்: மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 911. வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்தாலோ, அழுகை அடங்காவிட்டாலோ தாமதிக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும் குழந்தை மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். டிரெஸ்ஸர் உயரம் ஒரு கைக்குழந்தைக்கு அதிகம்.

டயப்பர் காலம் முடிந்ததும் பேட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டி.வி. வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். சுவர்ப் பட்டையையும் அன்றே கழற்றிவிடுகிறார்கள், இனி தேவையில்லை என்று. ஏறுவதற்குப் பிள்ளைக்கு அதுவரை இல்லாத காரணம் ஒன்றை மேலே வைத்துவிட்டு, டிரெஸ்ஸரைப் பிடித்திருந்ததை எடுத்துவிடுகிறோம். டி.வி.யைச் சுவரில் மாட்டுங்கள். டிரெஸ்ஸர் மேல் ரிமோட்டோ பொம்மையோ வைக்காதீர்கள். வீடு மாறும்போது ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டு மேல் டிராயருக்குள் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், புது வீட்டில் துணி அடுக்கும் முன் அது கையில் கிடைக்கும்.