தானே திரும்பும் ஜிப்: துளை போடும் முன் அளக்க வேண்டியவை

இரட்டை உடல் கொண்ட எங்கள் பாய்ப்படகில், அதாவது கேட்டமரனில், நானும் என் மகளும் மட்டும்தான். பழைய ஜிப் (பாய்மரத்துக்கு முன்னால் இருக்கும் சிறிய பாய்) இருந்தபோது, படகு திரும்பும் ஒவ்வொரு முறையும் அவள் ஒரு ஷீட்டை (பாயை இழுக்கும் கயிறு) அவிழ்த்து, இரு உடல்களுக்கும் இடையிலுள்ள வலைமேல் தவழ்ந்து போய், மறுபக்க ஷீட்டை இழுப்பாள். இப்போது ஜிப்பின் ஷீட்டைத் தாங்கும் ‘கார்’ என்ற நகரும் வண்டி, குறுக்கே போட்ட தண்டவாளமான டிராக்கின் மேல் தானாகவே மறுபக்கம் ஓடிவிடுகிறது. அவள் கை பெரிய பாயின் ஷீட்டை விடுவதே இல்லை.

முதலில் பாயைப் பாருங்கள். ஜிப்பின் கீழ்விளிம்பு பாய்மரத்துக்கு முன்னாலேயே முடிய வேண்டும். மரத்தைத் தாண்டி நீளும் ஜிப் இதற்கு ஆகாது. பாய் தைப்பவரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளலாம். அப்படியே பின்முனையில், அதாவது ஷீட் கட்டும் கீழ்மூலையில், நாலைந்து துளைகள் உள்ள பலகை ஒன்றையும் வைத்துத் தரச் சொல்லுங்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டிராக்கில்தான் நான் தவறினேன். முதலில் நேரான டிராக்கைப் போட்டேன்; மென்காற்றில் கார் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. ஜிப்பை ஒரு கதவாக நினைத்துக்கொள்ளுங்கள். பாய்மரத்தை முன்னாலிருந்து பிடிக்கும் முன் ஸ்டே கம்பிதான் அதன் கீல். அந்தக் கீல் பின்பக்கம் சாய்ந்திருப்பதால், கதவு ஓரத்துக்குப் போகப் போக அதன் பின்முனை முன்னால் வருகிறது, கொஞ்சம் மேலேயும் எழுகிறது. டிராக்கும் அதே வழியில் போக வேண்டும்: இரு முனைகளும் முன்னோக்கி வளைந்து, சற்றே உயர்ந்து.

காற்றில்லாத நாளில், கரையில், ஜிப்பை ஏற்றுங்கள். பெரிய பாயின் ஷீட்டையும் இறுக்குங்கள். பல கேட்டமரன்களில் பின் ஸ்டே கிடையாது, முன் கம்பியை விறைப்பாக்க அந்த இழுப்பும் வேண்டும். டிராக்கை இருக்க வேண்டிய இடத்தில் தற்காலிகமாகக் கட்டி, காரை நடுவில் நிறுத்தி, காருக்கும் பாயின் பின்முனைக்கும் இடையே நீளாத டைனீமா கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். பிறகு காரை இரு ஓரத்துக்கும் தள்ளிப் பாருங்கள். ஓரத்தில் கயிறு இழுத்துப் பிடித்தால் அந்த முனைக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்துங்கள், தொய்ந்தால் இறக்குங்கள். எனக்கு இதற்கே அரை நாள் ஆனது. ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

இரு உடல்களையும் முன்னால் இணைக்கும் குறுக்கு பீமின் நடுவில் பாய்மரம் அழுத்துகிறது. அங்கே துளை வேண்டாம். டிராக்கை ஷீட் மேல்நோக்கி இழுக்கும் என்பதால், பிடிப்புகள் பிய்ந்து வராதபடி இருக்க வேண்டும். அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகு உட்காரும் இடமெல்லாம் அரிப்புத் தடுப்புப் பசை பூசுங்கள். உப்புநீர் பட்டால் அலுமினியம்தான் அரிபடும். காரை ஏற்றியவுடன் இருமுனை நிறுத்தங்களையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் கார் வழுக்கி வெளியே வந்து அதற்குள் உருளும் சிறு குண்டுகள் சிதறிவிடும்.

ஷீட்டின் ஒரு நுனியை டிராக்கின் ஒரு முனையில் கட்டுங்கள். அங்கிருந்து காரின் ஒரு கப்பி, மேலே பாயின் பின்முனைக் கப்பி, மீண்டும் காரின் மறு கப்பி, டிராக்கின் மறுமுனை, பிறகு கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கிளீட். இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுப்பதால் கயிறு காரைத் தடுக்காது.

கார் எவ்வளவு தூரம் போகலாம்? முன் கம்பியின் அடியிலிருந்து டிராக் 1.5 மீட்டர் தள்ளி இருந்தால், படகின் நடுக்கோட்டிலிருந்து 10 டிகிரி என்பது டிராக்கின் நடுவிலிருந்து சுமார் 26 சென்டிமீட்டர். அங்கே தொடங்கி மாற்றிப் பாருங்கள். ஷீட்டின் கோட்டை மனத்தில் மேலே நீட்டினால் அது முன்விளிம்பின் நடுவை ஒட்டிப் போக வேண்டும். அதற்கு மேலே போனால் பின்விளிம்பு இறுகும், கீழே போனால் அடிவிளிம்பு இறுகும். பலகையில் துளைகளை மாற்றி இதைச் சரிசெய்யலாம்.

ஜிப் தானே மறுபக்கம் ஓடிவிடுவதால், படகு திரும்பும்போது இனி அது எதிர்க்காற்றில் வீங்கி படகின் மூக்கைத் தள்ளித் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். கேட்டமரன் காற்றுக்கு நேராக நின்றுவிட இது போதும். மூக்கு காற்றைக் கடக்கும்போது பெரிய பாயின் ஷீட்டை ஓரடி தளர்த்துங்கள். பெரிய அலையில் என் மகள் காரைப் பழைய பக்கத்திலேயே காலால் பிடித்துக்கொள்வாள். மூக்கு புதிய பக்கம் திரும்பியதும் விடுவாள்.