மூன்று ஓட்டை ஒட்டி விழுந்தால் போதுமா? ரைஃபிள் தோட்டா நிரப்பப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் இலக்கு சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் கடைத் தோட்டா போதாமல் போகும். சுட்டு முடித்த பித்தளைக் கேஸை, அதாவது தோட்டாவின் வெற்றுக் கூட்டை, பொறுக்கி வந்து, டை என்ற அச்சில் அழுத்தி வடிவத்துக்குக் கொண்டுவந்து, பவுடரைப் பற்றவைக்கும் புதுப் பிரைமர் பதித்து, பவுடரை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தித் தாங்களே தோட்டா செய்ய இறங்குவார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை. செய்து விற்பதற்குத்தான் வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆகவே இந்தக் குறிப்பு அமெரிக்காவில் இருந்துகொண்டு, 308 வின்செஸ்டர் போன்ற தோட்டா போடும், ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டைத் திறந்து மூடும் ஒரு ரைஃபிளுக்குத் துல்லியமான தோட்டா தேடத் தொடங்கியிருப்பவர்களுக்கு.

புதிதாக வருகிறவர்கள் போகும் பாதை கிட்டத்தட்ட ஒன்றுதான். 168 கிரெயின் (குண்டையும் பவுடரையும் நிறுக்கும் சின்ன எடை அலகு) குண்டு ஒரு பெட்டி, பவுடர் ஒரு டப்பா. கையேடு சொல்லும் தொடக்க அளவிலிருந்து 0.3 கிரெயின் கூட்டிக் கூட்டி, ஒவ்வொரு அளவிலும் மூன்று தோட்டா. ஒரே குறியில் சேர்த்துச் சுட்ட ஓட்டைகளின் கூட்டத்துக்குக் குரூப் என்று பெயர். 100 கஜத்தில் காகிதம் மாட்டி எட்டு குரூப் சுட்டால், அதில் ஒன்று மூன்று ஓட்டையும் ஒட்டி விழுந்திருக்கும். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, ‘கிடைத்துவிட்டது’ என்று அந்த அளவிலேயே நூறு தோட்டா நிரப்பிவிடுவார்கள். அடுத்த வாரம் அதே தோட்டா இரண்டு அங்குலத்துக்குச் சிதறும். உடனே குண்டை மாற்று, பவுடரை மாற்று, டையை மாற்று என்று பணம் கரையத் தொடங்கும்.

தோட்டாவில் பெரும்பாலும் கோளாறு இல்லை. எண்ணிக்கையில்தான் கோளாறு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. அரிசி முழுதும் ஒரே கொதியில் வேகிறது. குழலைவிட்டுப் போகும் ஒவ்வொரு குண்டும் தன் போக்கில் கொஞ்சம் விலகித்தான் விழும். அந்த விலகலின் முழு அகலத்தை மூன்று குண்டு காட்டாது. சிதறல் துளியும் மாறாத ஒரே தோட்டாவை எடுத்துக்கொண்டாலும், பத்துச் சுடும்போது வரும் குரூப் மூன்று சுடும்போது வருவதைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் பெரியதாகத்தான் இருக்கும். இன்னொரு கணக்கும் உண்டு, அது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். பவுடர் அளவை மாற்றாமல், ஒரே தோட்டாவையே மூன்று மூன்றாக எட்டு குரூப் சுட்டுப் பாருங்கள். அதில் சின்னதற்கும் பெரியதற்கும் மூன்று மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம். எட்டு அளவில் ஒன்று ‘ஜெயித்தது’ என்று நாம் கொண்டாடுவது பல நேரம் இந்தக் குருட்டு அதிர்ஷ்டத்தைத்தான்.

வேகம் அளக்கும் குரோனோகிராஃபை நம்புகிறவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். ஐந்து குண்டு சுட்டு, குண்டுக்குக் குண்டு வேகம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் திட்ட விலக்கம் நொடிக்கு 5 அடி என்று திரையில் வந்தால், உண்மையான விலக்கம் 3 அடியாகவும் இருக்கலாம், 14 அடியாகவும் இருக்கலாம். அவ்வளவு அகலமான சந்தேகம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பவுடர் அளவில் சராசரி வேகம் ஏறாமல் நின்றால் அதை ‘நோட்’ என்று சொல்லி, அங்கேதான் துல்லியம் குடியிருக்கிறது என்பார்கள். 308இல் 0.3 கிரெயின் கூட்டினால் வேகம் ஏறக்குறைய 15 அடிதான் ஏறும். மூன்று குண்டின் சராசரியே ஐந்தாறு அடி இப்படியும் அப்படியும் ஆடும்போது, இல்லாத சமதளம் கண்ணுக்குத் தெரிவதில் வியப்பில்லை. பவுடரைப் படிப்படியாகக் கூட்டிச் சுட்டுப் பார்க்கும், கிரைட்டன் ஆடெட் என்ற அமெரிக்கச் சுடுநரின் பெயரால் வழங்கும் ஏணிச் சோதனையை நான் முழுதாக ஒதுக்கவில்லை. அழுத்தம் எங்கே ஏறத் தொடங்குகிறது என்று பார்க்க அது நல்ல வழி. வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்க அது போதாது.

அப்படியானால் என்ன செய்வது? எட்டு அளவு வேண்டாம். அழுத்தம் பாதுகாப்பாக இருக்கும் இரண்டு அல்லது மூன்று அளவை எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துக்குக் குறையாமல், முடிந்தால் இருபது சுடுங்கள். ஒரே மூச்சில் சுட வேண்டியதில்லை. குழல் சூடேறினால் ஆறவிட்டு, இரண்டு நாளாகப் பிரித்துச் சுட்டு ஓட்டைகளை ஒரே காகிதத்தில் சேர்த்துப் பார்க்கலாம். கை நழுவிப் போனது என்று ஒரு ஓட்டையைக் கணக்கிலிருந்து தள்ளும் பழக்கம் மட்டும் கூடாது. சுடும் கணத்திலேயே ‘இது என் தப்பு’ என்று சொல்லியிருந்தால் தள்ளலாம். காகிதத்தைப் பார்த்தபிறகு சொல்வது செல்லாது.

இதற்கெல்லாம் முன்னால் பலர் தாண்டிப்போகும் ஒரு படி இருக்கிறது. ரைஃபிளும் நாமும் எவ்வளவு தேறுவோம் என்று தெரியாமலேயே தோட்டாவைக் குறை சொல்வது. கடையில் கிடைக்கும் தரமான மேட்ச் தோட்டா (போட்டிக்கென்று செய்தது), உதாரணமாக 168 கிரெயின் சியரா மேட்ச்கிங் குண்டு வைத்த ஃபெடரல் கோல்ட் மெடல், ஒரு பெட்டி வாங்கி முதலில் சுட்டுப் பார்க்க வேண்டும். அதுவே இரண்டு அங்குலம் போனால், ஸ்கோப் தளத்தின் திருகையும் ஸ்டாக்கின் திருகையும் பாருங்கள், கண் அசைந்தால் ஸ்கோப்பின் குறியும் நகர்வதுபோல் தெரியும் பாரலாக்ஸைச் சரிசெய்யுங்கள், மேசையில் உட்காரும் விதத்தைப் பாருங்கள். குழலின் நுனியில் கட்டித் தொங்கவிடும் வகைக் குரோனோகிராஃப் குண்டு விழும் இடத்தையே மாற்றும். அதை மாட்டிக்கொண்டு குரூப் அளக்காதீர்கள்.

துல்லியத்தில் தவறினால் காகிதம் வீணாகும். அழுத்தத்தில் தவறினால் கண்ணும் கையும் போகும். 308க்கு அமெரிக்கத் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வகுத்த உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதை வீட்டில் அளக்கப் பெரும்பாலோருக்கு வழியில்லை. கையேட்டின் எண்தான் நமக்குள்ள வேலி; அந்த எண் அங்கே அச்சிட்டிருக்கும் குண்டு, கேஸ், பிரைமர், பவுடர் நான்கும் சேர்ந்த கூட்டுக்கு மட்டுமே பொருந்தும். ராணுவக் கேஸ் பெரும்பாலும் சுவர் தடித்தது, உள்ளே இடம் குறைவு, அதே பவுடர் அளவுக்கு அழுத்தம் கூடும். சாதாரணப் பிரைமரைவிட வலுவாகப் பற்றவைக்கும் மேக்னம் பிரைமரும் அழுத்தத்தைக் கூட்டும். பெயர் ஒத்த பவுடர்கள் இன்னும் ஆபத்து: ஹெச்4895 வேறு, ஐஎம்ஆர் 4895 வேறு, ஒன்றின் எண்ணை மற்றதற்கு எடுக்கவே கூடாது. மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா. பவுடர் அளவியில் மிஞ்சியதை அன்றே அதன் சொந்த டப்பாவுக்குத் திருப்பிவிட வேண்டும்.

‘பிரைமர் தட்டையாகவில்லை, இன்னும் ஏற்றலாம்’ என்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. தட்டையான பிரைமர், கேஸின் அடியில் எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் பாகம்) பதித்த பளபளப்பு, கனமாகத் திறக்கும் போல்ட் எல்லாம் தாமதமான சாட்சிகள். அவை தெரியும்போது எல்லை தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். தெரியவில்லை என்பதாலேயே உள்ளே இருக்கிறோம் என்றும் ஆகாது. குரோனோகிராஃபின் உண்மையான பயன் இங்கேதான். உங்கள் குழலின் நீளத்துக்குக் கையேடு தரும் உச்ச வேகத்தைக் குறைந்த பவுடரிலேயே எட்டிவிட்டால், அழுத்தமும் அங்கே வந்துவிட்டது என்று நிறுத்திவிடுங்கள். குளிர்காலத்தில் விளிம்புவரை ஏற்றிய தோட்டா அரிசோனாவின் ஜூலை வெயிலில் அதே தோட்டாவாக இருக்காது. வார்கெட் போன்ற சில பவுடர்கள் வெப்பத்துக்கு அதிகம் அசைவதில்லை, ஆனாலும் விளிம்பு விளிம்புதான்.

அளவெடுப்பதில் வரும் சறுக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோட்டாவின் முழு நீளத்தைக் குண்டின் நுனிவரை அளப்பது வீண், நுனிகள் ஒன்றுக்கொன்று மாறும். அளவுகோலில் மாட்டும் கம்பேரேட்டர் என்ற துணைக்கருவியை வைத்து, குண்டின் நுனிக்குப் பின்னால் உள்ள ஓஜைவ் என்ற வளைவிலிருந்து அளக்க வேண்டும். குண்டைக் குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகளைத் தொடும்படி வைத்தால் அழுத்தம் ஏறும். டையில் அழுத்தும்போது கேஸின் தோளை, அதாவது அது கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவை, 0.001 முதல் 0.002 அங்குலம் பின்தள்ளினால் போதும், அதற்கு மேல் தள்ளினால் கேஸின் ஆயுள் குறையும். 308 கேஸ் 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, வெட்டும்போது 2.005க்குக் கொண்டுவாருங்கள். டையில் போடத் தடவிய மெழுகைத் துடைக்காமல் சுடாதீர்கள். எலெக்ட்ரானிக் தராசு சூடாக நேரம் கொடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், சோதனை எடைக்கல்லை இடையிடையே வைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இருபது குண்டு உங்கள் தேவைக்குள் அடங்கினால் அங்கேயே நின்றுவிடலாம். மான் வேட்டைக்கு 200 கஜத்துக்குள் ஒன்றரை எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது 100 கஜத்தில் சுமார் ஓர் அங்குலச் சிதறல்) தாராளம், அதை முக்காலாக்க ஒரு குழலின் ஆயுளைச் செலவழிப்பவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் விருப்பம். ஒவ்வொரு பெட்டியின் மேலும் பவுடரின் லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று டப்பாவில் உள்ள எண்), அளவு, கேஸ், பிரைமர், தேதி எழுதி ஒட்டுங்கள். லாட் மாறினால், பவுடரின் பெயர் அதேதான் என்றாலும், அளவைக் குறைத்து மறுபடி கீழிருந்து ஏறி வாருங்கள்.