சிங்கப்பூர் போனா ஹாக்கர் சென்டர்ல எப்படி சாப்பிடணும்

சிங்கப்பூர் போயிட்டு வர்ற நம்ம ஆளுங்க நிறைய பேரு மெர்லயன் பாத்து, சென்டோசா பாத்து, முஸ்தஃபால ஷாப்பிங் முடிச்சுட்டு, மூணு வேளையும் செராங்கூன் ரோட்டுலயே இட்லி தோசை சாப்பிட்டு ஃப்ளைட் ஏறிடுறாங்க. வயித்துக்கு அது நல்லதுதான், ஆனா அந்த ஊரு ஜனங்க எப்படி இருக்காங்கன்னு தெரியணும்னா போக வேண்டிய இடம் ஹாக்கர் சென்டர், அதாவது நிறைய சின்ன சாப்பாட்டுக் கடைங்க ஒரே கூரைக்குக் கீழ இருக்குற இடம். அங்க டாக்ஸி ஓட்டுறவரும் பேங்க் மேனேஜரும் ஒரே பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து சாப்பிடுவாங்க, சீனப் பாட்டி பக்கத்துல மலாய் குடும்பம், அதுக்குப் பக்கத்துல நம்ம ஊரு தம்பிங்க.

முன்னாடி இந்த வியாபாரிங்க எல்லாம் தெருவோரத்துல தள்ளுவண்டியும் கூடையும் வச்சு வித்தவங்க. அரசாங்கம் 1968, 69ல தீவு முழுக்க கணக்கெடுத்து பதிவு பண்ணி, 1971லேர்ந்து 1986 வரைக்கும் தண்ணி, கரண்ட், சாக்கடை வசதியோட கட்டடம் கட்டி எல்லாரையும் உள்ள கொண்டு வந்துச்சு. தெருவுல தனித்தனியா இருந்த ஹொக்கியன், தியோச்சியூ, ஹைனான்ங்கிற சீன சமூகங்களோட சமையல், மலாய், தமிழ் முஸ்லிம் சமையல் எல்லாம் அப்படித்தான் ஒரே கூரைக்குக் கீழ சேந்துச்சு. 2020 டிசம்பர்ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்தது தனியா ஒரு டிஷ்ஷ இல்ல, இந்த மொத்த ஹாக்கர் பழக்கத்தையும்தான்.

எங்க போறதுன்னு கேட்டா, லாவ் பா சாத்ங்கிற பேரு போன சென்டர் முதல்ல வேண்டாம். பழைய வார்ப்பிரும்பு கட்டடம், அழகு, சாயங்காலம் பக்கத்து பூன் டாட் ஸ்ட்ரீட்ட மூடி சாத்தே, அதாவது குச்சில குத்தின கறி, சுடுறத பாக்கவே போகலாம், ஆனா டூரிஸ்ட் கூட்டம் அதிகம், அத ஒரு ராத்திரிக்கு வச்சுக்கோங்க. ஆரம்பம் டெக்கா சென்டர்ல இருக்கட்டும், லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் பக்கத்துலயே, ஒரு பக்கம் மீன் காய்கறி சந்தை, இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கடைங்க, தமிழ்ல பேசியே எல்லாம் வாங்கிடலாம்ங்கிறதால பயம் போயிடும். அடுத்து சைனாடவுன்ல மேக்ஸ்வெல். அதுக்கப்புறம் கண்டிப்பா வீட்டு அடுக்குமாடிகளுக்கு நடுவுல இருக்குற ஏதாவது ஒண்ணு, கிம் மோவோ ஓல்ட் ஏர்போர்ட் ரோடோ, ஏன்னா அங்கதான் பேரப்புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற தாத்தாவையும் பை நிறைய காய்கறியோட காப்பி குடிக்கிற அம்மாவையும் பாப்பீங்க.

காலையில போங்க. எட்டு மணி போல போனா ஊரு எழுந்திருக்குறத பாக்கலாம், வெயிலும் இருக்காது. மத்தியானம் 12லேர்ந்து ஒன்றரை வரைக்கும் ஆபீஸ் கூட்டம் நெரியும், அப்ப குடும்பத்தோட போனா உக்கார இடம் தேடியே நேரம் போயிடும். நல்ல கடைங்க ரெண்டு மணிக்கே தீந்து போச்சுன்னு மூடிடும், நிறைய கடைக்கு திங்கள் லீவு, சில சமயம் சுத்தம் பண்றதுக்காக மொத்த சென்டரையுமே மூடிடுவாங்க, அதனால ஒரே கடைய நம்பி ஊரு கோடிக்குப் போறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு செக் பண்ணிக்கோங்க.

உள்ள நுழைஞ்சதும் முதல்ல இடம், அப்புறம்தான் சாப்பாடு. மேஜைல ஒரு டிஷ்யூ பாக்கெட்டோ குடையோ தனியா கெடந்தா யாரோ மறந்துட்டாங்கன்னு நினைக்காதீங்க, அந்த இடத்துக்கு ஆள் இருக்கு. இத ‘ச்சோப்’ பண்றதுன்னு சொல்வாங்க, நீங்களும் பண்ணலாம். கடையில டிஷ்யூ தர மாட்டாங்க, அதனால பையில ரெண்டு பாக்கெட் எப்பவும் இருக்கட்டும். இடமே இல்லன்னா, ஒருத்தர் மட்டும் உக்காந்திருக்குற மேஜைக்குப் போய் ஆள் இருக்கான்னு கைய காட்டி கேட்டு உக்காந்துடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. எனக்கு கேட்டா மேஜைய பகிர்ந்துக்குறதுதான் இதுல பெஸ்ட், பக்கத்துல இருக்குறவர் தட்ட காட்டி இது எந்த கடைன்னு கேளுங்க, பெருசுங்களா இருந்தா கடை நம்பரோட அந்த கடை பழைய கதையும் சேத்து சொல்வாங்க.

குடிக்கிறதுக்கு தனி கடை. அங்க காப்பிக்கு ‘கோப்பி’ன்னு பேரு, சும்மா ‘கோப்பி’ன்னு சொன்னா கண்டென்ஸ்டு மில்க் ஊத்தி இனிப்பா வரும். கோப்பி-ஓ கேட்டா பால் இல்லாம சக்கரையோட, கோப்பி-சி கேட்டா எவாப்பரேட்டட் மில்க்கும் சக்கரையும். இதோட ‘கோசோங்’ சேத்தா சக்கரை இல்ல, ‘சியூ தாய்’ சேத்தா சக்கரை கம்மி, ‘காவ்’னா ஸ்ட்ராங், ‘பெங்’னா ஐஸ். டீக்கும் இதே கணக்கு, கோப்பிக்கு பதிலா ‘தே’. சுகர் உள்ளவங்க ‘கோப்பி-ஓ கோசோங்’ மட்டும் மனப்பாடம் பண்ணிட்டா போதும். கொஞ்சம் நின்னு அந்த அங்கிள் கைய பாருங்க, நீளமான துணி ஃபில்டர்ல தூளப் போட்டு, ஒரு தகர குவளையிலேர்ந்து இன்னொண்ணுக்கு உயரமா தூக்கி ஊத்தி, நம்ம ஊரு டீ மாஸ்டருக்கு எந்த விதத்துலயும் குறைஞ்சவர் இல்ல. கொட்டைய சக்கரையும் மார்ஜரினும் போட்டு வறுக்குறதாலதான் அந்த கருப்பும் லேசான கசப்பும்.

காப்பியோட கயா டோஸ்ட் செட் வாங்குங்க. தேங்காப்பால், முட்டை, சக்கரை, பாண்டான்ங்கிற வாசனை இலை போட்டு கிண்டின கயாவ சுட்ட ரொட்டில தடவி, நடுவுல குளுகுளுன்னு ஒரு துண்டு வெண்ணெய் வச்சு தருவாங்க, கூட அரைவேக்காட்டு முட்டை ரெண்டு. முட்டைய சின்ன தட்டுல உடைச்சு ஊத்தி, கருப்பு சோயா சாஸ் நாலு சொட்டு, வெள்ளை மிளகுத்தூள் கொஞ்சம், லேசா கலக்கி ரொட்டிய அதுல தொட்டு சாப்பிடணும். பச்சை முட்டை மாதிரி இருக்கேன்னு முகம் சுளிக்காம ஒரு வாய் போட்டு பாருங்க. பிரிட்டிஷ்காரங்க வீட்டுலயும் கப்பல்லயும் சமையல் வேலை பாத்த ஹைனான்காரங்கதான் பின்னாடி காப்பிக்கடை போட்டு இத ஊரு முழுக்க பரப்புனாங்க, ரொட்டி வெண்ணெய் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்ப புரியும்.

சாப்பாட்டுல என்னோட வரிசை இதுதான், நம்ம நாக்குக்கு பழக்கமான இடத்துலேர்ந்து ஆரம்பிச்சு மெல்ல தள்ளிப் போகணும். முதல்ல இந்தியன் ரோஜாக், மாவுல பொரிச்ச உருளைக்கிழங்கு, டோஃபு, முட்டை, இறால் வடைன்னு கண்ணாடிக்குப் பின்னாடி அடுக்கி இருக்கும், வேணுங்கிறத காட்டினா துண்டு போட்டு சூடாக்கி, சக்கரவள்ளிக்கிழங்கு போட்டு கெட்டியாக்கின சிவப்பு சாஸோட தருவாங்க. அப்புறம் அதே மாதிரி கடையில மீ கோரெங். சீன நூடுல்ஸ், பேரு மலாய், கிண்டுறது தமிழ் முஸ்லிம் கை, இது இந்தியாவுல எங்கயும் கிடையாது, அங்க போய் வாழ்ந்தவங்க அங்கயே உண்டாக்குனது. அடுத்த வேளைக்கு நாசி லெமாக்ங்கிற தேங்காப்பால் சோறு, அதுக்கடுத்து சிக்கன் ரைஸ். சிக்கன் ரைஸ்ல கோழிய விட சோத்த கவனிங்க, கோழிக் கொழுப்பு, இஞ்சி, பூண்டோட வெந்த சோறு, வெறும் மிளகாய் சாஸ் மட்டும் தொட்டே சாப்பிட்டுடலாம். தேங்காப்பால் குழம்புல நூடுல்ஸ் போட்ட லக்சா கடைசில.

ஒரு ஆளுக்கு ஒரு பிளேட்னு வாங்காதீங்க. நாலு பேரு போனா மூணு கடையில மூணு ஐட்டம் வாங்கி நடுவுல வைங்க, தீந்தா அடுத்தது.

சைவம் சாப்பிடுறவங்க கொஞ்சம் உஷாரா இருக்கணும். காய்கறி மட்டும்தான் தெரியுதுன்னு நம்பக்கூடாது, சம்பல்ங்கிற மிளகாய் விழுதுல பெலாச்சான்ங்கிற இறால் விழுது இருக்கும், நாசி லெமாக்ல நெத்திலி, ச்சார் குவே தியாவ்ங்கிற வறுத்த அரிசி நூடுல்ஸ்ல பன்னிக் கொழுப்பு, சூப் எல்லாம் எலும்புல கொதிச்சது. அதுக்கு பதிலா புத்த மதத்துக்காரங்க நடத்துற வெஜிடேரியன் கடைய தேடுங்க, நிறைய சென்டர்ல காலையில வெஜிடேரியன் பீஹூன் (மெல்லிசான அரிசி நூடுல்ஸ்) கிடைக்கும், பெரும்பாலும் பூண்டு வெங்காயம்கூட போட மாட்டாங்க, முட்டை மட்டும் கேட்டுக்கோங்க. ஹலால் வேணும்னா கடை முன்னாடி சர்டிஃபிகேட் மாட்டியிருக்கும்.

காசு விஷயத்துல, 2, 5, 10 வெள்ளி நோட்டா கையில வச்சுக்கோங்க, அங்க சிங்கப்பூர் டாலரத்தான் தமிழ்ல வெள்ளின்னு சொல்வாங்க. உள்ளூர்க்காரங்க க்யூஆர்ல கட்டுவாங்க, கார்டு நிறைய கடையில ஓடாது. டிப்ஸ் கிடையாது. கூப்பிடும்போது அங்கிள், ஆன்ட்டி, நம்ம ஆளுங்க கடைன்னா அண்ணே, அக்கா. க்யூ நகரும்போதே என்ன வேணும்னு முடிவு பண்ணிடுங்க, நம்ம முறை வந்தப்புறம் போர்ட பாத்து யோசிச்சா பின்னாடி நிக்கிறவங்களுக்கு எரிச்சல் வரும். சிக்கனா, காரமா, இங்கயா பார்சலான்னு படபடன்னு கேப்பாங்க, கோவம் இல்ல, வேகம் அப்படி. போட்டோ எடுக்கணும்னா சமைக்கிறவர் முகத்துக்கு நேரா போன நீட்டாம ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க, கூட்டம் இல்லாத நேரமா இருந்தா அவரே வாணலிய தூக்கி காட்டுவார்.

சாப்பிட்டு முடிச்சதும் தட்டு, டிஷ்யூ எல்லாத்தையும் நீங்களேதான் எடுத்துட்டுப் போய் ட்ரே வைக்கிற இடத்துல வைக்கணும், 2021 செப்டம்பர்லேர்ந்து இது சட்டம், முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம் வரைக்கும் போகும். ஹலால் ட்ரேக்கு தனி அடுக்கு, மத்ததுக்கு தனி அடுக்கு, போர்டு போட்டிருக்கும், பாத்து வைங்க, மாத்தி வச்சா அடுத்து அந்த ட்ரேல சாப்பிடப் போற முஸ்லிம் குடும்பத்துக்கு சங்கடம். சந்தேகமா இருந்தா அங்க மேஜை துடைக்கிற ஆன்ட்டிகிட்ட கேளுங்க, வாங்கி வச்சுடுவாங்க.