போரைப் பார்த்தவரிடம் போர் விதிகளைப் பற்றிக் கேட்பது எப்படி

ஆய்வோ, செய்தியோ, பயிற்சி வகுப்போ, எதற்காக இருந்தாலும் சரி, "ஜெனீவா உடன்படிக்கைகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள் (போரில் எதைச் செய்யக் கூடாது என்று நாடுகள் ஒப்புக்கொண்ட விதிகள் அவை). கசந்த சிரிப்பு ஒன்றுதான் பதிலாக வரும். அதைப் பார்த்து "இவருக்குச் சட்டத்தில் நம்பிக்கை இல்லை" என்று எழுதிக்கொண்டால் அங்கேயே கோட்டை விட்டுவிட்டீர்கள்.

விதி சரியா என்பது ஒரு கேள்வி, அதை எவனாவது மதித்தானா என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரி மேல் குண்டு போடலாமா, ஊருக்குத் தண்ணீர் வராமல் செய்யலாமா, சரணடைந்தவரை என்ன செய்வது என்று காரியங்களாகக் கேட்டால், சட்டத்தின் பெயரே கேள்விப்படாத பலரும் 1949-ல் அந்த உடன்படிக்கைகளிலும் 1977-ல் அவற்றோடு சேர்த்த நெறிமுறைகளிலும் எழுதிவைத்ததைத்தான் தங்கள் பேச்சில் சொல்வார்கள்.

போர் பட்டவர் மனம் மரத்துப்போயிருக்கும் என்ற நினைப்பும் வேண்டாம். சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2016-ல் 16 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கருத்துக் கேட்டது. பொதுமக்கள் பலர் சாவார்கள் என்று தெரிந்தும் குடியிருப்புப் பகுதியில் எதிரியைத் தாக்குவது தவறு என்று போர் நடக்கும் நாடுகளில் 78 சதவீதம் பேர் சொன்னார்கள், ஐ.நா. பாதுகாப்பு அவையின் நிரந்தர உறுப்பு நாடுகளில் பாதிப் பேர்தான். குண்டு எங்கே விழும் என்பது யாருக்கு நன்றாகத் தெரியும் என்று யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் எல்லாரும் இப்படிப் பேசுவார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். "அவன் எங்களுக்குச் செய்தான், நாங்கள் ஏன் விடணும்?" என்பது நிச்சயம் வரும், அதுவும் வீட்டில் ஒருவரை இழந்தவரிடமிருந்து வரும்போது பதில் சொல்லத் துடிக்கும் உங்கள் வாயைக் கட்டுங்கள். சட்டத்தின் பதில் தெளிவானது: எதிர்த்தரப்பு மீறியது என்பதற்காகக் கைதியையோ காயம்பட்டவரையோ பழிவாங்கக் கூடாது. அதை அவர் கேட்டால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "உங்கள் பக்கத்து ஆள் அங்கே பிடிபட்டிருந்தால்?" பல நேரம் நீண்ட மௌனம் வரும். அதை நிரப்பப் பார்க்காதீர்கள்.

ஆயுதம் ஏந்தியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது இந்தப் பேச்சே வேண்டாம். என்ன நடந்தது என்று தோண்டவும் வேண்டாம், அவராகச் சொல்வது போதும்.

அப்புறம் எழுதும்போது, அவர் "அநியாயம்" என்றால் அநியாயம் என்றே எழுதுங்கள். அதைப் "போர்க்குற்றம்" என்று மாற்றினால் அது உங்கள் கருத்து, அவருடையது இல்லை.