பேத்தியின் கையால் ஒரு கோழிக்கூடு

பேரப்பிள்ளை கோழிக்குஞ்சு கேட்டவுடனே பசாருக்குப் போய் வாங்கி வந்துவிடாதீர்கள். கூட்டைக் கட்டி முடித்து, கதவையும் தாழ்ப்பாளையும் சில நாள் திறந்து மூடிப் பார்த்த பிறகே குஞ்சு வீட்டுக்கு வரவேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் என் பத்து வயதுப் பேத்தி செய்த கூட்டை வைத்து, பகலில் வெளியே மேயும் நான்கு கம்பத்துக் கோழிகள் இரவில் தங்குவதற்கான கூட்டைப் பிள்ளையைக் கொண்டே செய்விக்கும் முறையை இங்கே சொல்கிறேன்.

முதலில் மரம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கித்தா (ரப்பர்) மரத்தின் மேல் தனிப் பாசம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம் என்பதால், மருந்தூட்டாத கித்தாப் பலகையைப் பூஞ்சையும் வண்டும் விரைவில் பிடித்துக்கொள்ளும். என் மகன் சிறுவனாக இருந்தபோது அப்படிப்பட்ட பலகையில் நான் செய்த கூடு ஓராண்டிலேயே தூளாக உதிர்ந்துபோயிற்று. ஆகவே, அறுக்க எளிதான மெராந்திச் சட்டங்களையே வாங்குங்கள். சரக்கு அடுக்கும் பழைய பாலட் பலகை கிடைத்தால், அதில் ‘எச்டி’ (HT) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது சூடேற்றிப் பதப்படுத்தியது. ‘எம்பி’ (MB) என்றிருந்தால் நச்சுப் புகை ஊட்டியது, அது வேண்டாம்.

தரைச் சட்டத்தை 4 அடி நீளம், 3 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவில் ஒரு நன்மை உண்டு: நான்கு மூலைகளும் நேராக இருந்தால், எதிர் மூலைக்கு மூலை அளக்கும் குறுக்களவு சரியாக 5 அடி வரும். சட்டத்தைத் தரையில் பரப்பிவைத்து, இரண்டு குறுக்களவுகளையும் பிள்ளையையே அளக்கச் சொல்லுங்கள். முதல் முறை எங்களுக்கு ஒன்றரை அங்குலம் கூடிவிட்டது. எந்த மூலையைத் தட்ட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் நான் சுத்தியலைத் தொடவில்லை.

அறுக்கும்போது நீங்கள் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ரம்பம் பிள்ளையிடம் இருக்கட்டும். கோட்டின் மேலேயே அறுத்தால் ரம்பத்தின் பருமன் அளவுக்கு மரம் குறைந்துபோகும் என்பதால், வெட்டிப்போடும் பக்கமாகக் கோட்டை ஒட்டி அறுக்க வேண்டும். முதலில் ரம்பத்தைத் தன் பக்கமாக மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்தால் தடம் விழும்; அதன்பின் நீளமாக இழுத்து அறுக்கலாம். திருகாணி போடுமுன் சிறு துளை இட்டுக்கொண்டால் மரம் பிளக்காது. மின்துளைப்பானை மட்டும் நீங்களே பிடியுங்கள்.

நம் பக்கத்தில் மலைப்பாம்பு, முசாங் (மரநாய்), உடும்பு மூன்றுக்கும் பயப்பட வேண்டும். அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை இவற்றைத் தடுக்காது. அரை அங்குலக் கண் கொண்ட கெட்டியான கம்பிவலையைச் சுற்றிலும் அடித்து, அதன் விளிம்பின் மேல் மெல்லிய மரச்சட்டம் வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். கால்கள் 2 அடி உயரம் இருக்கட்டும். கறையான் எளிதில் ஏறாதபடி அவற்றைச் செங்கல்லின் மேல் நிறுத்துங்கள். கூரைக்குத் தகரம் போதும், ஆனால் வெப்பம் வெளியேறக் கூரைக்குக் கீழே வலையடித்த இடைவெளி அவசியம்.

உள்ளே, கோழி அமரும் கட்டைக்கு ஒரு கோழிக்கு 10 அங்குலம் என்று கணக்கிடுங்கள். அதன் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவதைச் சின்னஞ்சிறு பிள்ளையும் செய்யலாம். முட்டைப் பெட்டி ஓரடிச் சதுரமாக, அந்தக் கட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக வைத்தால் கோழி அதிலேயே உறங்கி அசுத்தப்படுத்தும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை வெப்பம் தேவை. வெப்பமானியைவிடக் குஞ்சுகளையே கவனிக்கப் பழக்குங்கள்: சூடு தரும் விளக்கடியில் நெருக்கியடித்தால் குளிர், விலகி நின்று வாய் திறந்தால் சூடு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது. வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழிநோய்க்கான தடுப்பூசி பற்றிக் கால்நடைச் சேவைத் துறையில் கேளுங்கள். கோழியைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிற்பாடு, சேவலும் இருந்து பெட்டைக்கோழி அடைகாக்க உட்கார்ந்தால், மரத்தில் கோடு போட்ட அதே பென்சிலால் முட்டையின் மேல் தேதியை எழுதச் சொல்லுங்கள். ஏழாம் நாள் இரவில் கைவிளக்கின் மேல் முட்டையைப் பிடித்தால் சிவந்த நரம்புகள் தெரியும். இருபத்தோராம் நாள் ஓடு விரிசல் விடும்போது பிள்ளை உதவக் கை நீட்டும்; தடுத்துவிடுங்கள், குஞ்சு தானாகவே வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம்.